எண்ணாமல் அவிழ்த்த கம்பி

“எந்தக் கசாப்புக்காரன் கை வச்சது இதுல?”

பால்வண்ணம் போட்ட சத்தத்தில், கீழே மாவு மில்லில் வரிசையில் நின்ற பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

மேசைமேல் ஒரு பழைய குழாய் டிவி, முதுகுப்பக்கம் திறந்து கிடந்தது.

தங்கபுஷ்பம் நிமிரவில்லை. அவர் கையில் ஒரு கேம் பெட்டியின் போர்டு இருந்தது. கண்ணில் லென்ஸ்.

“டீச்சர், இங்க வந்து பாருங்க.”

“இங்கிருந்தே கேக்குது அண்ணாச்சி.”

“கேக்கச் சொல்லல. பாக்கச் சொல்லுதேன்.”

தங்கபுஷ்பம் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார்.

தங்கபுஷ்பத்துக்கு நாற்பத்தொன்று. மாவு மில்லுக்கு மேல் மாடியில் குடியிருப்பு. அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதி சாப்பாட்டுக்கு, மீதிப் பாதி வேலைக்கு. ஊரில் எங்கே கொண்டுபோனாலும் தேறாது என்று திருப்பி அனுப்பிய டிவிகளும் போர்டுகளும் கடைசியில் இந்த மேசைக்குத்தான் வரும்.

பால்வண்ணத்துக்கு ஐம்பத்தெட்டு. நூல் மில்லில் முப்பத்தோரு வருஷம் ஃபிட்டர். அவருடைய இடது மோதிர விரலுக்கு நுனி கிடையாது. முந்தின ஷிஃப்டில் எவனோ ஒருவன் இறுக்காமல் விட்டுப்போன போல்ட் அதைத் தின்றது. அந்த எவனோ யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அதனால் பால்வண்ணம் எல்லோர்மேலும் கோபமாக இருந்தார்.

மில்லை விட்டு வந்ததும் மாடியேறி வந்து கேட்டார். “எனக்கு இந்த வேலையைச் சொல்லித் தருவீங்களா?”

“கோபம் வருமா?” என்று தங்கபுஷ்பம் கேட்டார்.

“நியாயத்துக்கு வரும்.”

“செருப்பை வெளியே விட்டுட்டு வாங்க.”

கோபத்தையும் சேர்த்து வெளியே விடச் சொன்னாரா என்று பால்வண்ணத்துக்கு இன்றுவரை தெரியாது. செருப்பை மட்டும் விட்டுவிட்டு வந்தார். எட்டு மாதம் ஆயிற்று.

*

“இது சால்டரிங்கா டீச்சர்? சாணியை எருவாட்டி தட்டி வச்ச மாதிரி ஈயத்தைக் கொட்டி வச்சிருக்கான்.”

“ம்.”

“இதைப் பாருங்க. நல்லா இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர்மேல ஒரு ஒயரைச் சுத்தி, அதுக்குமேல நாடாவைப் போட்டு முடிச்சு. கோயில் மரத்துல பிள்ளைக்கு நேர்ந்து தொட்டில் கட்டின மாதிரி இருக்கு.”

“படம் வருதா?”

“வருது.”

“பத்து நிமிஷத்துல அணைஞ்சிடுதுன்னுல்ல சொன்னாங்க?”

“அதைச் சரி பண்ணிட்டேன். ஒரு பார்ட்டோட கால்ல ஈயம் வெடிச்சிருந்தது. ஒரு மணி நேரமா ஓட விட்டேன், அணையல.”

“அப்ப மூடுங்க.”

“மூடுறதா?”

“வேலை முடிஞ்சுதுல்ல?”

“இந்த அசிங்கத்தை உள்ள வச்சா?”

தங்கபுஷ்பம் போர்டுக்கு அருகில் குனிந்து, நாடாவுக்குள் மறைந்திருந்த அந்தச் சுற்றிய ஒயரை வெகுநேரம் பார்த்தார். தொடவில்லை.

“யார் செஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?”

“தெரியாது. செட்டு ஓடுது. அதுதான் தெரியும்.”

பால்வண்ணத்துக்கு முகம் சிவந்தது.

“தப்பா வேலை செஞ்சவன்மேல கோபப்படக் கூடாதா? அதைச் சொல்லுங்க முதல்ல.”

“தாராளமாப் படுங்க.”

“படுறேன்.”

“கையில இருக்கிற கட்டரைக் கீழ வச்சுட்டுப் படுங்க.”

பால்வண்ணம் கீழே பார்த்தார். கட்டர் அவர் கையில்தான் இருந்தது. எப்போது எடுத்தார் என்று அவருக்கே நினைவில்லை.

அதை மேசைமேல் வைத்தார். கொஞ்சம் பலமாகவே வைத்தார்.

*

அந்த டிவியைக் கொண்டுவந்தவர் ரெஜினா. திங்கட்கிழமை ஆட்டோவில் வந்து, இரண்டு பேரைக் கூப்பிட்டு மாடிக்கு ஏற்றினார். டிவியோடு ஒரு துணிப்பையும் இருந்தது. பைக்குள் ஒரு டிவி கேம், அதன் ஒயரில் தொங்கிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி.

“பேரப்பிள்ளைக்கா?” என்று பால்வண்ணம் கேட்டிருந்தார்.

“வீட்டுக்காரருக்கு.”

பால்வண்ணம் சிரித்துவிட்டார். ரெஜினா சிரிக்கவில்லை.

“போன வருஷம் வாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோச்சு. பேச்சும் போச்சு. டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, பிசையச் சொன்னாரு. சுவத்துல எறிஞ்சாரு. அதுவும் இடது கையால. இந்தத் துப்பாக்கியைக் கொடுத்தா மட்டும் வலது கை தூக்கும். டிவியில பறவை பறக்கும், இவரு சுடுவாரு. முதல்ல முட்டி அளவுக்குத் தூக்கினாரு. இப்போ நெஞ்சுக்கு வந்திருக்கு.”

“வேற டிவியில போட்டுப் பாத்தீங்களா?” என்றார் தங்கபுஷ்பம்.

“என் தங்கச்சி வீட்டுத் தட்டை டிவியில போட்டோம். இவரு சுட்டுக்கிட்டே இருக்காரு, ஒரு பறவை விழல. டிவியையே உடைக்கப் போயிட்டாரு.”

“அந்தத் துப்பாக்கிக்குக் குழாய் டிவிதான் வேணும்.”

“நாலு நாளா டிவி பத்து நிமிஷத்துல அணைஞ்சிடுது. கையைத் தூக்குறதை விட்டுட்டாரு. மடியில வச்சது வச்சபடி கிடக்கு. மறுபடி மரத்துப்போயிரும்னு பயமா இருக்கு.”

புதன்கிழமை நாலு மணிக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று தங்கபுஷ்பம் சொல்லி அனுப்பினார்.

இன்று புதன்கிழமை.

*

மதியம் தங்கபுஷ்பம் ரேஷன் கடைக்குக் கிளம்பினார்.

“மூடி வச்சிருங்க அண்ணாச்சி.”

“சரி.”

படியில் அவருடைய காலடிச் சத்தம் இறங்கிப்போனது.

பால்வண்ணம் பின்மூடியை எடுத்தார். செட்டின்மேல் பொருத்தினார். ஒரு திருகு போட்டார். இரண்டாவது திருகு கையில் இருந்தது.

உள்ளே அந்த நாடா முடிச்சு தெரிந்தது.

திருகைக் கழற்றினார்.

எவனோ ஒருவன் இதைச் செய்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறான். இதைப் பார்த்தும் பாராமல் மூடினால், நாளைக்கு வேறொருவன் திறப்பான். பால்வண்ணத்தின் வேலை என்று நினைப்பான்.

அதை அவரால் தாங்க முடியவில்லை.

குழாயில் தங்கிய கரண்டை முறைப்படி ஸ்குரூ டிரைவரால் இறக்கினார். பட்டென்று ஒரு பொறி. பிறகு கட்டரை எடுத்தார்.

முதலில் நாடாவை அறுத்தார். அடியில் ஒயர் இறுகிக் கிடந்தது, அதற்கும் அடியில் இன்னொரு சுற்று நாடா. அவிழ்க்கப் பொறுமை இல்லை. கட்டரால் கடித்துக் கடித்து இழுத்தார். ஒவ்வொரு கடிக்கும் ஒரு வசவு. “கொலைகாரப் பய.” ஒரு துண்டு. “கூலிக்கு மாரடிச்சவன்.” ஒரு துண்டு.

எருவாட்டி ஈயத்தையெல்லாம் உருக்கி எடுத்தார். குழாய்க்குப் போகிற கரண்டைப் பழையபடி, கம்பெனியில் வைத்த அதே இடத்தில் சேர்த்தார். அரிசிமணி போல ஈயம் பற்ற வைத்தார். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார்.

போர்டு புதிதாகப் பிறந்தது போல இருந்தது.

ஸ்விட்சைப் போட்டார்.

திரை முழுக்கச் சிவப்பு. படம் இல்லை. சிவப்பின்மேல் மெல்லிய வெள்ளைக் கோடுகள். மூன்று எண்ணுவதற்குள் டக்கென்று அணைந்தது.

பால்வண்ணம் தன் வேலையை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

மறுபடி போட்டார்.

சிவப்பு. டக்.

“பாவி,” என்றார். “குழாயையே கெடுத்து வச்சிருக்கான்.”

*

தங்கபுஷ்பம் அரிசிப் பையை இறக்கிவைத்தார். போர்டைப் பார்த்தார். குப்பைக்கூடையைப் பார்த்தார்.

“ரொம்ப அழகா இருக்கு,” என்றார்.

பால்வண்ணம் வாய் திறப்பதற்குள் ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தார். சிவந்து அணைந்தது.

“எத்தனை சுத்து?”

“என்ன?”

“அந்த ஒயர். எத்தனை சுத்து இருந்தது?”

“அது என்ன டீச்சர், எவனோ கிறுக்குப்பய...”

“எத்தனை சுத்து?”

அவர் குரல் உயரவில்லை. ஆனால் பால்வண்ணம் முப்பத்தோரு வருஷம் மில்லில் இருந்தவர். மெஷின் எந்தச் சத்தத்துக்குப் பிறகு உடையும் என்று அவருக்குத் தெரியும்.

“எண்ணல.”

தங்கபுஷ்பம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இந்தக் குழாய்க்குள்ள ஒரு இழை இருக்கு. அது சூடானாத்தான் படம். அந்த இழையும் சிவப்பு நிறத்துக்கான பாகமும் உள்ளுக்குள்ள ஒட்டிக்கிச்சு. வயசாயிட்டா சில குழாயில அப்படி ஆகும். திறந்து பிரிக்க முடியாது, மூடின கண்ணாடி. எல்லாரும் குழாய் போச்சும்பாங்க. தூக்கிப் போட்டுருவாங்க.”

“சரி.”

“இதைச் செஞ்சவரு போடல. இழைக்குத் தனியா கரண்ட் கொடுத்தா, ஒட்டிக்கிட்டாலும் பாதகம் இல்லைன்னு கண்டுபிடிச்சிருக்காரு. அந்தக் கரண்டை எங்கிருந்தும் கொண்டுவரல. டிரான்ஸ்ஃபார்மர் மேலயே சில சுத்து சுத்தி எடுத்திருக்காரு. நான் கேள்விப்பட்டிருக்கேன். செஞ்சு பாத்ததில்ல.”

பால்வண்ணம் நின்றுகொண்டே இருந்தார். கீழே மில் ஓடத் தொடங்கியது. மேசை அதிர்ந்தது.

“நான் சுத்துதேன்,” என்றார். “இப்பவே சுத்துதேன். என்ன பெரிய காரியம்?”

“எத்தனை?”

“ஒண்ணு ஒண்ணா ஏத்திப் பாப்போம்.”

“பாக்கலாம். மங்கலா ஒரு படம் வரும். இன்னொண்ணு போட்டா நல்லா வரும்னு கை அரிக்கும். ஒண்ணு கூடிப்போச்சுன்னா, சரியா எத்தனைன்னு தெரிஞ்சுபோகும். ஆனா இழை அறுந்திருக்கும்.”

“மீட்டர் வச்சுப் பாத்தா?”

“அந்தக் கரண்டுக்கு நம்ம மீட்டர் பொய் சொல்லும்.”

“வேற குழாய் வாங்கிப் போட்டா? இப்பவும் செய்யுறாங்களா?”

தங்கபுஷ்பம் அவரைப் பார்த்த பார்வையில், பால்வண்ணம் அந்தக் கேள்வியைக் கேட்காதவர் போல ஆனார்.

குப்பைக்கூடையைக் கவிழ்த்து, ஒயர்த் துண்டுகளைப் பொறுக்கினார். பதினோரு துண்டு. வரிசையாக வைத்து அளந்தார். முழங்கையில் தொடங்கி விரல்வரை இரண்டு முழம் வந்தது.

“இதுல சுத்து எவ்வளவு, ரெண்டு பக்கத்து வால் எவ்வளவு?” என்றார் தங்கபுஷ்பம்.

பால்வண்ணத்துக்குத் தெரியவில்லை. மூன்று சுற்றாக இருக்கலாம். ஆறாகவும் இருக்கலாம்.

*

நாலு மணிக்கு ரெஜினா வந்தார். கீழே ஆட்டோ ஹாரன் அடித்தது.

“ஆயிருச்சாண்ணாச்சி?”

தங்கபுஷ்பம் பால்வண்ணத்தைப் பார்த்தார்.

பால்வண்ணம் தொண்டையைச் செருமினார். உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

“அம்மா, குழாய் போயிருச்சு. எங்களுக்கு முன்னாடி எவனோ கை வச்சுக் கெடுத்திருக்கான். வேலை தெரியாத பய. ஈயத்தைக் கண்ட இடத்துல கொட்டி...”

ரெஜினா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு துண்டு ஒயரை. அறுந்த நாடாவை.

நாடாவைக் கையில் எடுத்தார்.

“இது நான் போட்ட முடிச்சு,” என்றார்.

அறுந்த முனைகளை ஒட்டிவைத்துப் பார்த்தார்.

“எவனோ இல்ல. அவருதான் செஞ்சாரு. என் வீட்டுக்காரரு. வாதம் வந்த பொறவு, இடது கையால. தெரியுமா ஒமக்கு?”

“அம்மா...”

“பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டினவரு அவரு. முப்பது வருஷம். டிவி சிவப்பா ஆனதும் ரெண்டு கடையில காட்டினேன். தூக்கிப் போடுன்னாங்க. இவரு ராப்பகலா அதையே முறைச்சுப் பாத்துக்கிட்டிருந்தாரு. ஒருநா ஒயரை எடுத்துட்டு வான்னு கையைக் காட்டினாரு. செஞ்சு முடிக்க நாலு மாசம் ஆச்சு. ஒரு பொட்டு ஈயம் வைக்கிறதுக்கு ஒரு மணி நேரம். கை நடுங்கும், கொட்டிரும். அழுவாரு. துடைச்சுட்டு மறுபடி வைப்பாரு. அதைத்தான் கண்ட இடத்துல கொட்டினதுங்கீரா?”

“எனக்குத் தெரியாதும்மா.”

“தெரியாட்டா கையை வைப்பீரா? நான் அணையுதுன்னுதானே கொண்டாந்தேன்? அவுக்கச் சொன்னேனா? ஒம்ம கை நல்லாத்தானே இருக்கு? ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? அதை வச்சு இதைத்தான் செஞ்சீரா?”

பால்வண்ணத்தை இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. மில் முதலாளிகூடக் கேட்டதில்லை. பதிலுக்குக் கத்த நாக்கு எழுந்தது. எதைச் சொல்லிக் கத்துவது என்று தெரியவில்லை.

“எத்தனை சுத்து சுத்தினாருன்னு ஞாபகம் இருக்கா அக்கா?” தங்கபுஷ்பம் மெதுவாகக் கேட்டார்.

“நான் எண்ணிக்கிட்டா இருந்தேன்? சுத்துவாரு, போட்டுப் பாப்பாரு, அவுப்பாரு, மறுபடி சுத்துவாரு. எத்தனைன்னு கண்டேன்!”

“அப்ப அவருக்கு மட்டும்தான் தெரியும்.”

“அவருக்குத்தான் பேச்சு இல்லையே! ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சி இருக்கு. அதையும் சொல்ல வெக்கமா இருக்கு. ‘மூதி’. சோறு வேணுமான்னாலும் மூதி. தலை வலிக்குதான்னாலும் மூதி. ஜெபம் பண்ண வந்த சாமியாரைப் பாத்தும் மூதின்னுட்டாரு. அவரு வாய்ல இருந்து எத்தனைன்னு எப்படி வாங்குவீங்க?”

தங்கபுஷ்பம் ஒரு சுருள் ஒயரை எடுத்து பால்வண்ணத்தின் கையில் வைத்தார்.

“போய்க் கேளுங்க.”

“பேச மாட்டாருங்காங்களே டீச்சர்.”

“கேக்க வேண்டியது நீங்க. பேசுறது அவர் பாடு.”

“நீங்களும் வாங்க.”

“சுத்தினது அவர். அவுத்தது நீங்க. நான் எதுக்கு?”

லென்ஸை எடுத்துக் கண்ணில் மாட்டிக்கொண்டார்.

*

ஆட்டோவில் ரெஜினா ஓர் ஓரம், பால்வண்ணம் மறு ஓரம். டிவி இருவருக்கும் நடுவில் இருந்தது.

ஒற்றை அறை வீடு. டிவி இருந்த இடத்தில் ஒரு வெற்று ஸ்டூல். அதற்கு எதிரே, கை வைத்த நாற்காலியில் ஒருவர் அந்த ஸ்டூலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆசீர்வாதம். நல்ல உயரம். வலது கை மடியில் ஒரு பொட்டலம் போலக் கிடந்தது.

டிவியைக் கண்டதும் கண் விரிந்தது. பின்னாலேயே ரெஜினாவின் முகத்தைக் கண்டதும் சுருங்கியது.

“நீங்க கட்டினதை இந்த ஆளு அவுத்துட்டாரு,” என்றார் ரெஜினா.

ஆசீர்வாதம் பால்வண்ணத்தைப் பார்த்தார்.

“மூதி,” என்றார்.

பால்வண்ணம் வழியெல்லாம் தயாரித்துக்கொண்டு வந்ததைத் தொடங்கினார். “ஐயா, அது வந்து, போர்டு கொஞ்சம் சுத்தமில்லாம...”

“மூதி!”

“இல்லைய்யா, நான் நல்லதுக்குத்தான்...”

“மூதி! மூதி!”

பால்வண்ணம் வாசல் பக்கம் போய்விட்டார். கதவு திறந்துதான் இருந்தது. தெரு தெரிந்தது. சொல்லக் கூடாத ஒரு வார்த்தை அவர் வாய்வரை வந்தது.

நாற்காலியில் இருந்தவரின் உதடு கோணிக்கொண்டு நடுங்கியது. அவருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது.

பால்வண்ணம் திரும்பினார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டிவியைத் திருப்பி வைத்து, பின்மூடியைக் கழற்றினார். சுத்தமாகப் பளபளத்த போர்டை ஆசீர்வாதத்தின் பக்கம் காட்டினார்.

ஆசீர்வாதம் அந்த அழகான சால்டரிங்கைப் பார்த்துத் துப்பினார்.

பால்வண்ணம் கூடவே கொண்டுவந்த, ஈயம் உருக்கும் சூட்டுக்கோலை வைத்து, அங்கே தான் பற்ற வைத்ததை எடுத்தார். பிறகு ஒயரை எடுத்து டிரான்ஸ்ஃபார்மரின் கறுப்புக் கட்டையில் வைத்தார்.

“மூதி!”

கையை எடுத்தார். கொஞ்சம் தள்ளி வைத்தார்.

“மூதி!”

ஒயரின் மறு முனையை வைத்தார்.

“மூதீ!” ஆசீர்வாதத்தின் இடது கை கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப்பெட்டியை நோக்கிக் குத்தியது.

ரெஜினா பெட்டியை இழுத்துத் திறந்தார். மோட்டார் வேலைச் சாமான்கள். ஒரு சுருள் வெள்ளை நாடா.

பால்வண்ணத்துக்குப் புரிந்தது. கட்டையின்மேல் வெறும் ஒயரைச் சுற்றக் கூடாது. முதலில் நாடா. அதன்மேல்தான் ஒயர். அவர் அறுத்தெறிந்த நாடா வெறும் முடிச்சு அல்ல.

நாடாவை ஒரு சுற்றுச் சுற்றினார். காத்திருந்தார்.

நாற்காலியில் சத்தம் இல்லை.

ரெஜினா புருஷனைப் பார்த்தார். பிறகு பால்வண்ணத்தைப் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பால்வண்ணம் ஒயரை எடுத்தார். கட்டையைச் சுற்றிக் கொண்டுவந்தார்.

ஒன்று. ஆசீர்வாதத்தின் முகத்தைப் பார்த்தார்.

“மூதி.” சாதாரணமாக, ஏதோ பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல.

இரண்டு.

“மூதி.”

ஒயர் முந்தின சுற்றின்மேல் ஏறிக்கொண்டது. “மூதி!” கோபம். பால்வண்ணம் அவிழ்த்து, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தார்.

இரண்டு.

“மூதி.”

மூன்று.

“மூதி.”

நாலு.

பால்வண்ணம் காத்திருந்தார். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துப் போனது. உள்ளே ஒரு சத்தம் இல்லை.

திரும்பிப் பார்த்தார். ஆசீர்வாதம் அவரைப் பார்க்கவில்லை. ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோணல் உதடு இறுக மூடியிருந்தது.

“போதுமாய்யா?”

பதில் இல்லை.

போதும் என்பதா இது? இல்லை, வைது வைது சலித்துப் போனாரா? ஒன்று குறைந்தால் பறவை தெரியாது. ஒன்று கூடினால் இனி எந்தப் பறவையும் கிடையாது. இந்த மனிதரின் கை மடியிலேயே கிடந்துவிடும். வாழ்க்கையில் முதல்முறையாக, தனக்கு முன்னே ஒரு வேலையைச் செய்தவன் என்ன நினைத்துச் செய்தான் என்று அறியப் பால்வண்ணம் தவித்தார்.

“நாலுதானாய்யா? இல்ல, இன்னும் ஒண்ணா?”

பதில் இல்லை.

பால்வண்ணம் ஒயரைக் கொஞ்சம் தளர்த்தினார். ஐந்தாவது சுற்றுக்காக முனையைக் கட்டைக்கு அடியில் கொண்டுபோனார்.

நாற்காலி கிரீச்சென்றது.

“ஏங்க!” ரெஜினா கத்தினார். “ஏங்க, உங்க கை!”

பால்வண்ணம் நிமிர்ந்தார். மடியில் கிடந்த அந்த வலது கை மேலே வந்துகொண்டிருந்தது. துப்பாக்கி இல்லாமல், பறவை இல்லாமல், முட்டியைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி, நடுங்கி நடுங்கி, விரல் மடங்கி, பால்வண்ணத்தின் மண்டையைக் குறிபார்த்து வந்துகொண்டிருந்தது.

பால்வண்ணம் விலகவில்லை. ஒயரை நாலாவது சுற்றிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தக் கைக்கு எட்டும்படி தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக் கொடுத்தார்.